கறை

சைப்ரஸ் மரத்தின் இடுப்பில் ஒரு கோடு இருக்கும்.
மேலே பாசி, கீழே வெளுப்பு.
நீர் எதுவரை ஏறி நின்றதென்று
மரம் தன்மேல் எழுதிவைத்த கறை.
அந்தக் கறையைப் பார்த்துக் கரையைச் சொல்வது
என் உத்தியோகம்.

ஃபுளோரிடாவின் ஒகலூசி மாவட்டத்தில்
பதினொரு வருடம்.
முழங்கால்வரை சேறு, கையில் மண் துளைக்கும் கோல்.
ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பேன்.
அழுகிய முட்டை வாடை அடித்தால்
அது நீருக்குப் பாத்தியப்பட்ட நிலம்.
அங்கே ஒரு கழி ஊன்றி
இளஞ்சிவப்பு நாடா கட்டுவேன்.
இந்தப் பக்கம் வீடு கட்டலாம்.
அந்தப் பக்கம் கூடாது.

ஹாலிஸ் ஸ்ட்ரிக்லண்ட் கெட்டவர் அல்ல.
என் மகனின் ஆஸ்துமாவை நினைவு வைத்து விசாரிப்பார்.
தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி
என்னையும் ஆர்லோவையும் உட்காரவைத்து
ஆரஞ்சு உரித்துத் தந்தார்.
"ஜோஸ்லின், உங்கள் நாடா நாற்பது மீட்டர் தள்ளினால்
எனக்கு முப்பத்தொரு வீடு."
"நீர் தள்ளினால் நானும் தள்ளுகிறேன்" என்றேன்.
சிரித்தார்.
"சரி, இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்."

செய்யவில்லை.
தலைநகருக்குப் போனார்.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.
விருந்து நடந்திருக்கலாம், தேர்தல் நிதி நடந்திருக்கலாம்,
ஒருவேளை வெறும் ஆரஞ்சு.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
சாலைப் பராமரிப்பு மசோதாவின்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அதில் ஒரு சொல் மாறியிருந்தது.
பாதுகாக்க வேண்டும் என்று இருந்தது
பாதுகாக்கலாம் என்று ஆகியிருந்தது.
ஒரு மரம் விழவில்லை, ஒரு லாரி வரவில்லை.
"வேண்டும்" போய் "லாம்" வந்தது.
இரண்டு எழுத்துக்குள்
ஆறாயிரம் ஏக்கர் நுழைந்துவிட்டது.

நிலத்திலிருந்து எடுத்த அந்தக் "கூடாது" வீணாகவில்லை.
அடுத்த பத்தியில் அதைப் பத்திரமாக நட்டிருந்தார்கள்:
மாவட்டங்கள் இதைவிடக் கடுமையான விதி
செய்துகொள்ளக் கூடாது.

செனட்டர் டுப்ரேயின் அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டேன்.
இயற்கையை நேசிக்கிறேன் என்று பதில் வந்தது,
நாரை படம் போட்ட காகிதத்தில்,
நான்கு முறையும் அதே நாரை.

என் கழிகளை நானே பிடுங்கினேன்.
மொத்தம் எண்பத்தாறு.
ஆர்லோ எதுவும் பேசாமல் நாடாக்களைச் சுருட்டினான்.
ஒன்றைப் பிடுங்கிய குழியில்
உடனே நீர் ஊறி நின்றது.
நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.
பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
ஆமாம், நான்தான்.
மருத்துவக் காப்பீடு அந்த வேலையோடு ஒட்டியிருந்தது.

மணல் கொட்டினார்கள். புல் பாய் விரித்தார்கள்.
தெருக்களுக்கு மரங்களின் பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது அக்டோபரில் புயல்.
சைப்ரஸ் தெரு, பதினேழாம் எண்:
ஒஹாயோவிலிருந்து ஓய்வுக்கு வந்த
ரெனாட்டா கோவால்ஸ்கி அலுவலகத்துக்கு அழைத்தார்.
போனேன்.
சோபா வாசலில். ஈரத்தில் ஊதிய பியானோ.
"இவ்வளவு நீரும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

சுவரில் ஒரு கோடு.
மேலே பூப்போட்ட காகிதம், கீழே பழுப்பு.
பழக்கம். நாடாவை எடுத்து அளந்தேன்.
என் பழைய குறிப்பேட்டில்
அதே இடத்து மரத்தின் அளவு இருந்தது.
கொட்டிய மணலைக் கழித்தால்
இரண்டு விரற்கடை வித்தியாசம்.

புதிய படிவத்தில் கறைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதப் போனபோது
அவர் என் கையைத் தொட்டார்:
"தயவுசெய்து எதையும் எழுதாதீர்கள்.
இதை விற்கத்தான் வேண்டும் நாங்கள்."

வேண்டும் என்ற சொல்லை
அன்றுதான் மறுபடி கேட்டேன்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனேன்.
வீட்டுக்குள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.
எல்லா ஜன்னலும் திறந்திருந்தன,
அந்த வாடைக்காக.